அஞ்சு வூட்டு வயர்

ஆடி மாதத்தில் மாரண்டஹள்ளியில் காற்று அடிக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஏதோ இலை அசையும் என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. மண்டியில் விரித்த சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் பாலக்கோடு ரோட்டில் போடும். சோற்றில் மண் விழாமல் ஒரு வாய் சாப்பிட முடியாது. எங்கள் தெருவில் அதோடு சினிமாவும் கெட்டுப்போகும். ஜான் பீ வீட்டிலிருந்து மற்ற நாலு வீட்டுக்குப் போன வயர் முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் பிரியும். காற்றில் மரம் ஆட, மரத்தோடு வயர் ஆட, வயரோடு கதாநாயகியும் ஆடுவாள். பாட்டே இல்லாத இடத்தில் அவள் ஆடுவதைப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது.

தக்காளி மண்டிக்குப் பின்பக்கம் இருந்தது தெரு. ஜான் பீயின் மகன் கவுஸ் பாஷா சவுதியில், தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே வேலைக்குப் போன நாலாம் வருஷம் அவன்தான் ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் வீடியோ டெக்கைக் கொடுத்தனுப்பினான். முதலில் தெருவே ஜான் பீ வீட்டுக்குள் போய் உட்கார்ந்து படம் பார்த்தது. வீட்டில் வயசுக்கு வந்த பெண் வஹிதா இருந்தாள். நடுக்கூடத்தில் ஆம்பிளைகள் கால் நீட்டி உட்கார்ந்தால் தாயும் மகளும் இரண்டரை மணி நேரம் அடுப்படியிலேயே அடைந்து கிடக்க வேண்டும். படம் அவர்கள் டெக்கில் ஓடும், அவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒரு நாள் ஜான் பீ, எல்லாரும் அவங்கவங்க வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க வழியில்லையா என்று கேட்டாள். தக்காளிப் பெட்டி அடிக்கிற கஸ்பாருக்கு எதையாவது எதோடாவது சேர்த்து அடிக்காவிட்டால் கை ஊறும். அவர்தான் வயர் வாங்கி வந்து ஓட்டுமேல் ஏறினார்.

அப்படித்தான் ஒரே டெக் அஞ்சு வீட்டுக்கு ஓடியது. ஜான் பீ, கஸ்பார், மண்டியில் தராசு பிடிக்கிற சென்னப்பன், மாடு வைத்திருந்த ராமக்காள், கடைசியில் நாங்கள். ஜான் பீ கேசட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவரவர் வீட்டில் டிவியைத் திருப்பிக்கொள்வோம். பாலக்கோட்டிலிருந்து படம் எடுத்து வருவது முறை வைத்து. இதற்கென்று அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கஸ்பார் வீட்டிலிருந்து அடுப்புக்கு மரத்துண்டு போகும், ராமக்காள் வீட்டிலிருந்து பால் போகும், அவ்வளவுதான்.

ஒரு தொல்லை உண்டு. டெக்குக்குப் பின்னால் முறுக்கி வைத்த வயரைக் கழற்றினால் திரும்ப மாட்ட ஜான் பீக்குத் தெரியாது. அதனால் கழற்றவே மாட்டாள். அவள் வீட்டில் எதைப் போட்டாலும் அஞ்சு வீட்டிலும் தெரியும். நாங்களும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

மாசி மாதம் வஹிதாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நூர் பாஷா, பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை. கல்யாணச் செலவு பூராவும் கவுஸ் பாஷாவின் நாலு வருஷ உழைப்பு. ஆனால் அவனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில் இருந்தது. லீவு கேட்டதற்கு, போனால் அப்படியே போய்விடு என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் பாலக்கோடு ஸ்டூடியோ யாகப்பனை வைத்து வீடியோ எடுத்தார்கள். யாகப்பன் தூக்கி வந்த லைட்டின் சூட்டில் மாப்பிள்ளையின் முகத்தில் தொங்கிய பூச்சரமே வாடிப்போனது. கேசட்டின் மேல் தங்கக் கலர் பேப்பர் ஒட்டி, அதில் வஹிதாவின் படத்தை வெட்டி வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கேசட்டை எங்கள் தெரு பார்த்த அளவுக்கு எந்தப் படத்தையும் பார்த்திருக்காது. வாடகைப் படம் கிடைக்காத நாளெல்லாம் வஹிதா கல்யாணம்தான். அவள் பெட்டியோடு காரில் ஏறுகிற இடத்தில் ராமக்காள் ஒவ்வொரு தடவையும் அழுவாள். சென்னப்பன் பந்தியில் தான் வருகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை தால்ச்சா கேட்கிற இடம் அது.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் வஹிதா ஒரு பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவாள் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

விஷயம் மெல்லக் கசிந்தது. நூர் பாஷாவுக்கு சைக்கிள் கடை கசந்துவிட்டது. தம்மாமுக்குப் போக மச்சான் விசா அனுப்ப வேண்டும் என்றான். விசா என்ன தபாலில் போடுகிற பொருளா? கடிதம் வரும், விசா வராது. வராத நாளெல்லாம் வஹிதாவின் மேல் கை நீண்டது. கடையில் கிடக்கிற பழைய டியூபால் அடிப்பானாம். டியூபால் அடித்தால் தோல் கிழியாது. உள்ளேயே கன்றிப்போகும். பார்க்கிறவர்களுக்குப் பெண் நன்றாகத்தான் இருப்பாள்.

ஜான் பீ கெட்டவள் இல்லை. ஆனால் பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற கொடுமைக்குக் கணக்கே கிடையாது. மகனுக்குத் தெரிந்தால் பாஸ்போர்ட்டாவது ஒன்றாவது என்று கிளம்பிவிடுவான், அத்தோடு வேலை போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. இவளையும் எழுத விடவில்லை. கொஞ்ச நாள் பொறு, திரும்பிப் போய்விடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வஹிதா ஓரிடத்தில் உட்காராமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைப்பாள். பக்கத்துப் பட்டறையில் கஸ்பார் ஆணி அடிக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கும். சாயங்காலம் அது நின்றால் அவள் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஜான் பீ ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அது நாங்கள். ராமக்காள் பால் ஊற்ற வந்தபோது நேராகவே சொல்லிவிட்டாள்.

"ஒரு கல்யாணத்த ஒரு நாளுதான் பாக்கணும். நீங்க தெனம் பாத்தீங்க. அஞ்சு வூட்டுக் கண்ணும் எம் பொண்ணு மேலயே இருந்தா அவ எங்க நல்லா வாழறது?"

ராமக்காள் பால் செம்பைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்து எங்களிடம் சொல்லி அழுதாள். அவள் வீட்டில் கன்னடம்தான், அழும்போது அதுதான் முதலில் வரும். கண் பட்டிருக்குமோ என்று எங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. பார்க்காமலா இருந்தோம்?

அன்றைக்கே ஜான் பீ கேசட்டிலிருந்த தங்கப் பேப்பரைச் சுரண்டி எடுத்தாள். பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் எங்கே என்று கேட்பார்கள். வெறும் கேசட்டுகளோடு வெறும் கேசட்டாக வைத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் யோசித்தாள். புத்திசாலித்தனமான யோசனைதான். ராமக்காள் தேன்கனிக்கோட்டைக்கு ஒரு சாவுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது புத்திசாலித்தனமாகவே இருந்தது.

அந்த ஞாயிறு பெங்களூர் டிவியில் ஒரு கன்னடப் படம். வந்து பார்க்கிறேன், கேசட்டில் ஏற்றி வைக்க முடியுமா என்று பழைய மனஸ்தாபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு ராமக்காள் கேட்டுவிட்டுப் போனாள். தினமும் பால் கொடுத்த பெண்ணிடம் சுடுசொல் பேசிவிட்டோமே என்று ஜான் பீக்கும் உறுத்தல். மூணாவதாக இருப்பதுதான் கல்யாணக் கேசட் என்ற நினைப்பில் இரண்டாவதை எடுத்தாள். எடுத்துப் போட்டு, படம் ஏற்றுகிற சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். நடுவில் யார் துடைத்தார்களோ, எது எங்கே மாறியதோ. ராமக்காள் திரும்பி வந்து அந்தப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை.

ஆடி பிறந்தபோது கவுஸ் பாஷாவிடமிருந்து கடிதம் வந்தது. பாலக்கோடு அப்துல் ரஷீத் லீவு முடிந்து திரும்பி வருகிறார், கல்யாணக் கேசட்டைக் கட்டாயம் அவரிடம் கொடுத்தனுப்புங்கள், ரூமில் எல்லார் வீட்டுக் கல்யாணத்தையும் நான் பார்த்துவிட்டேன், என் தங்கச்சி கல்யாணத்தை மட்டும் நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தான். வஹிதாவைத்தான் ஜான் பீ படித்துக் காட்டச் சொன்னாள். அவள் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

ரஷீத் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. திங்கட்கிழமை ஜான் பீ ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கேசட்டைப் போட்டாள். தகரம் தட்டவில்லை. ஆனால் எங்கள் டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கன்னட எழுத்துகள் வந்தன. பிறகு ஒரு குதிரை வந்தது. அடுத்த கேசட், அதற்கடுத்த கேசட் என்று மாறி மாறிப் போட்டாள். எல்லாம் வெறும் இரைச்சல். மறுபடியும் குதிரை. வேகமாக ஓட்டினாள். கதாநாயகன் வேகமாகச் சண்டை போட்டான், வேகமாக அழுதான், வேகமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். படம் முடிந்து திரை ஒரு துள்ளு துள்ளியது. சென்னப்பன் தால்ச்சா கேட்டார்.

பெண் காரில் போன பிறகு எங்கள் தெரு உட்கார்ந்த கடைசிப் பந்தி மட்டும் மிச்சம். யாரோ கை கழுவினார்கள். யாரோ வெற்றிலை கேட்டார்கள். வஹிதா அதில் எங்குமே இல்லை. வாய்விட்டு அழுகிற சத்தம் அந்த வீட்டிலிருந்து வந்தது. அது வயரில் வரவில்லை, காற்றில் வந்தது.

யாகப்பனைக் கூட்டி வந்தார்கள். அவர் கையை விரித்துவிட்டார். இருந்தது அந்த ஒரே கேசட்தான், அதை எடுத்த கையோடு கொடுத்தாயிற்று, பிரதி எடுத்து வைக்கிற வசதியெல்லாம் தன்னிடம் கிடையாது என்றார். ஜான் பீ நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா இருந்திருக்கலாம். கஸ்பாரால் சும்மா இருக்க முடியுமா?

"எதுக்குக்கா அழுவறீங்க? அந்தப் புடவ இருக்குது. நகையும் இருக்குது. பொண்ணு இங்கயே இருக்குது. மாப்பிளய வரச் சொல்லி இன்னொரு தடவ எடுத்துப் பந்தியோட சேத்துரலாம். தம்மாம்ல இருக்கறவனுக்கு என்னா தெரியப்போவுது?"

கஸ்பார் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். உடைந்த பெட்டிக்கு வேறு சட்டம் வைத்து அடிக்கிற மாதிரிதான் அவருக்கு. ஆனால் ஜான் பீக்கு அதில் வேறொரு வழி தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். வந்த காலோடு பெண்ணையும் கூட்டிப்போவார்கள். கேசட்டும் ஆச்சு, மகள் வாழ்க்கையும் ஆச்சு. அழுகையை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சென்னப்பனைப் பொம்மிடிக்கு அனுப்பினாள்.

சென்னப்பன் மறுநாள் சாயங்காலம் களைத்துப்போய் வந்தார். வருகிறார்களாம், புதன்கிழமை. ஆனால் கேசட்டில் மாப்பிள்ளை தன் வாயால் மச்சானிடம் விசா கேட்பான். வஹிதாவும் கேட்க வேண்டும். அன்று சாயங்கால பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இதுதான் அவர்கள் சொன்னது. ஜான் பீ தலையாட்டினாள். சென்னப்பன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். போகும்போது, அந்தக் கடை வாசலில் டியூப் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று எங்களிடம் மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி தாயும் மகளும் பேசியது ஜான் பீ அடுப்படியை ஒட்டிய எங்கள் பின்சுவருக்குக் கேட்டது. வீட்டுக்குள் அவர்கள் உருதுதான் பேசுவார்கள். இத்தனை வருஷத்தில் எங்களுக்கும் அது பாதிக்கு மேல் புரியும்.

"என்னக் கேக்கவே இல்லியே நீ."

"கேட்டா நீ என்னா சொல்லுவேன்னு தெரியும். அதான் கேக்கல."

"அப்ப, தெரிஞ்சேதான் அனுப்பற."

ஜான் பீ சொன்னாள். "உங்கண்ணன் அங்க வெயில்ல நிக்கிறான். இங்க வந்துட்டான்னா ரெண்டு பேரையும் நான் எதுல வெச்சிக் காப்பாத்துவேன்? நீ பொண்ணு, பொறுத்துக்குவ. அவன் பொறுக்கமாட்டான்."

"நான் பொறுத்தத நீ பாத்தியா? முதுகத் தொறந்து காட்டுனா மொகத்தத் திருப்பிக்கற."

பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தக் கிழவியின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த வீட்டு விஷயம் என்று உட்கார்ந்துவிட்டேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமை காலையிலிருந்தே காற்றுக்குப் பேய் பிடித்திருந்தது. மண்டியில் தக்காளி விலை விழுந்து, கொட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் கூடைகள் நின்றன. புளித்த வாடை தெருவெல்லாம் வந்தது. கல்யாண வீடு என்று தெரிய வேண்டுமே, ராமக்காள் பூச்சரம் கட்டித் தொங்கவிட்டாள். தொங்கவிட்டதும் காற்று பிய்த்தது. மறுபடியும் கட்டினாள். கஸ்பாரும் அவர் பெண்சாதி லூர்து மேரியும் பெஞ்சு தூக்கினார்கள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் உண்மையாகவே ஆக்கினார்கள். பொய்க் கல்யாணத்துக்கும் பசி உண்மைதானே.

பொம்மிடிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். நூர் பாஷா, அவன் தாய், ஒரு மாமன். ஜான் பீயின் கூடம் லைட்டுக்கும் கேமராவுக்குமே போதவில்லை. அதனால் தாயையும் மாமனையும் கஸ்பார் வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார வைத்தார்கள். ஜான் பீ அங்கேயே நின்று அவர்களுக்குப் பரிமாறினாள். சம்பந்தியம்மாள் இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் விசா என்றாள். ஜான் பீ ஒவ்வொரு தரமும், ஆகட்டும் என்றாள்.

யாகப்பன் கேமராவோடு தோளில் மாட்டுகிற ரெக்கார்டர் ஒன்று உண்டு. அது ரிப்பேர். அதனால் கேமரா வயரை ஜான் பீயின் டெக்கிலேயே செருகினார். புதுக் கேசட் போட்டார். டெக்கில் ஏறுவதெல்லாம் பின்னாலிருக்கிற வயர் வழியாக வெளியே போகும் என்பது அவருக்குத் தெரியும். அது அங்கே ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. உள்ளே இடமில்லாத பெண்கள் எல்லாம் அவரவர் வீட்டில் டிவியைப் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டேன். திரையில் ஜான் பீயின் கூடத்துச் சுவர் தெரிந்தது. பிறகு வஹிதா வந்து உட்கார்ந்தாள்.

அதே சிவப்புப் புடவை. மாசி மாதத்தில் அதற்குள் நிறைந்திருந்த பெண், இப்போது அதற்குள் எங்கேயோ இருந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. லைட் போட்டார்கள். தலையைக் குனியம்மா, மெல்ல நிமிரு, கொஞ்சம் சிரி என்று யாகப்பன் சொல்வது கேட்டது. அவள் குனியவில்லை.

"ஏறுதுங்களா?" என்று கேட்டாள்.

"ஏறுதும்மா."

காற்றில் முருங்கை மரம் ஆடியது. அவள் முகம் திரையில் ஒரு தரம் வளைந்து நேரானது. பேச ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான் வஹிதா பேசறேன். நல்லா இருக்கறியா? நீ பாக்கறது கல்யாணம் இல்ல. கல்யாணம் மாசிலயே முடிஞ்சிபோச்சி. அந்தக் கேசட்டு அழிஞ்சிபோச்சின்னு என்னத் திரும்ப மேக்கப் போட்டு உக்கார வெச்சிருக்காங்க. நான் பொம்மிடிய வுட்டு வந்துட்டேன். நீ விசா அனுப்பலேன்னு சைக்கிள் டியூபால அடிச்சாங்க. மொதுகுல அடிச்சாங்க, காலுல அடிச்சாங்க. வெளிய தெரியாது. இன்னிக்கி சாயந்திரம் திரும்பக் கூட்டிக்கினு போறேன்னு வந்திருக்காங்க. நான் போவமாட்டேன். நீ விசா அனுப்பாத. அம்மாவத் திட்டாத, ஒன் வேலைக்கிப் பயந்துக்கினுதான் சொல்லாம வெச்சிருக்காங்க. நீயும் வந்துராத அண்ணா. வந்தா ஒன்னால திரும்பப் போவ முடியாது. நான் இங்க கஸ்பார் அண்ணன் பட்டறைல பொட்டி அடிச்சிக்கறேன். ஒரு வேள கஞ்சின்னாலும் இங்கயே குடிச்சிக்கறேன். இத நான் சொல்லலேன்னு நாளைக்கி யாரும் சொல்ல முடியாது. தெருவே பாத்துக்கினு இருக்குது."

தமிழில் பேசினாள். அண்ணனோடு அவள் ஒரு நாளும் தமிழில் பேசியதில்லை. அவள் அண்ணனோடு மட்டும் பேசவில்லை. வயர் போன வீடு ஒவ்வொன்றோடும் பேசிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் வீட்டில் சம்பந்தியம்மாள் கையில் கவளத்தோடு டிவியைப் பார்த்தாளாம். மாமன் எச்சில் கையோடு எழுந்து, நிறுத்து, நிறுத்து என்று பொத்தானைத் தேடினான். லூர்து மேரி இலை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"இங்க நிறுத்துனா மத்த வூட்ல நிக்காதுங்க."

கூடத்தில் நூர் பாஷா முகத்தை மறைத்த பூச்சரத்தோடு ஓரமாக நின்றிருந்தான். தன் முறைக்காகக் காத்திருந்தவன். பூவை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு டெக்கை நோக்கிப் போனான். பின்னால் போய்ப் பார்த்தால் கொத்துக் கொத்தாக வயர். எதைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. யாகப்பன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. "பாத்து நில்லுங்க பாய், கரண்டு ஓடுது" என்று மட்டும் சொன்னார். அதற்குள் கஸ்பார் கையில் சுத்தியலோடு வாசலில் வந்து நின்றார். அடிக்க வந்தாரா, பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்தாரா என்று இன்றுவரைக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார். ராமக்காள் வந்தாள். சென்னப்பன் மண்டியிலிருந்து நாலு மூட்டைக்காரர்களோடு வந்தார். பேசுவதற்கு என்ன இருக்கிறது, எல்லாரும்தான் பார்த்தாயிற்றே.

சாயங்கால பஸ்ஸில் போக இருந்தவர்கள் மத்தியான பஸ்ஸிலேயே போனார்கள்.

ஜான் பீ அதன்பிறகு சோறு தின்னவில்லை. ஆக்கிய நெய்ச்சோறு தெருவுக்கே பங்காயிற்று. அவள் டெக்குக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். வஹிதா மறுநாள் காலையில் எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கஸ்பாருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு சுத்தியலைக் கொடுத்தார். முதல் ஆணியிலேயே விரலில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. வாயில் வைத்துச் சப்பிவிட்டு இரண்டாவது ஆணியை எடுத்தாள்.

எங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைக் கவலை. ரஷீத் வந்து கேட்கும்போது கிழவி எதைக் கொடுப்பாள்? இரண்டு கேசட் இருந்தது. ஒன்றில் கன்னடப் படமும் பந்தியும். அதைக் கொடுத்து, தெரியாமல் அழிந்துவிட்டது, சாப்பாடாவது பார் என்று சொல்லி அனுப்பிவிடலாம். தம்மாமில் இருப்பவன் இரண்டு நாள் வருத்தப்படுவான், அவ்வளவுதான். இன்னொன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சிவப்புப் பொத்தானும் அவள் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. ராமக்காள் பால் ஊற்றுகிற சாக்கில் நாலு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கெழவி கேசட்டு ரெண்டையும் மடியில வெச்சிக்கினு இருக்குது என்றாள்.

அப்துல் ரஷீத் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார். நல்ல மனுஷன். பையில் இன்னும் பத்துப் பேர் வீட்டு ஊறுகாய் இருந்தது. வாசலில் நின்றபடியே சலாம் சொன்னார். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. வஹிதா வேலியோரம் வந்து நின்றாள். நாங்கள் எங்கள் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றோம்.

ஜான் பீ எழுந்து வந்தாள். ஒரு கையில்தான் கேசட் இருந்தது. பச்சைத் துணியில் சுற்றியிருந்ததால் எது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"கல்யாணக் கேசட்டுங்களா?" என்றார் ரஷீத்.

"இல்லீங்க தம்பி. எம் பொண்ணு பேசியிருக்கா."

ரஷீத் கை நீட்டினார். அவள் உடனே விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க ஒரு ரூம்ல எத்தன பேருங்க?"

"பன்னெண்டு பேரு இருப்பாங்கம்மா. நம்ம பக்கத்து ஆளுங்களும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்கற நேரத்துல போடுங்க. அவனத் தனியாப் பாக்க வுட்றாதீங்க."

ரஷீத் தயங்கினார். "வூட்டு விசயம்னா, கவுஸ் மட்டும் பாக்கறதுதானேம்மா மொற? பத்துப் பேருக்கு எதுக்குங்க?"

"தனியாப் பாத்தா பையத் தூக்கிக்கினு கெளம்பிருவான்" என்றாள் ஜான் பீ. "பத்துப் பேரு கூடப் பாத்தா, புடிச்சி உக்கார வெப்பாங்க."

அப்போதுதான் கையை விட்டாள்.